டங்ஸ்டனுக்குக் கொசுறு

1

போன சனிக்கிழமை எங்கள் சுரங்கத்துக்கு ஐந்து வயது முடிந்தது. அன்றைய விருந்தில் தின்ற கோழி இன்னும் எனக்குச் செரிக்கவில்லை. கோழியின் மேல் குற்றமில்லை.

ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையில் இறங்கி, மலையேறி, அரை நாள் கார் ஓட்டினால் நான் குடியிருக்கும் இடம் வரும். ஒரு சுரங்கம், அதைச் சுற்றித் தகரக் கூரை வீடுகள், ஒரு மளிகைக்கடை, மளிகைக்கடையைவிடப் பெரிதாக இரண்டு சாராயக்கடைகள். கம்பெனியின் பெயரைச் சொல்லமாட்டேன். கோபம் நிறைய இருக்கிறது. ஆனால் மாதச் சம்பளமும் அங்கிருந்துதான் வருகிறது.

விருந்துக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். மதுரையில் தைத்த பழைய கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். இப்போது அதன் பொத்தானும் காஜாவும் தூரத்து உறவுக்காரர்கள் மாதிரி ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன, சேர்வதில்லை. என் மனைவி ரூத் பட்டுச்சேலையில் வந்தாள். மகள் ஜெனிக்குப் பதினாலு வயது. எங்களோடு வந்தவள் மாதிரி தெரியக்கூடாது என்பதற்காக நாலடி தள்ளி நடந்து வந்தாள்.

ஐஸ்கிரீம் வருகிற நேரத்தில் பெரிய மேனேஜர் ஹாலோரன் எழுந்து கிளாஸைத் தட்டினார். அவர் பக்கத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் சரக்கை முதல் நாளிலிருந்து வாங்குகிறவர். ஹாலோரன் பேசியதை நான் நம் தேனித் தமிழில்தான் எழுதப்போகிறேன். அவருடைய இங்கிலீஷை உள்ளபடி எழுதினால் பத்திரிகை ஆசிரியர் அச்சுக்கு விடமாட்டார்.

"இந்தா உக்காந்திருக்காரே, இவருக்கு மொதமொதல்ல சரக்கு அனுப்புனப்ப, எழுதுன எடைக்கு மேல டிரம்முக்கு ஒரு கரண்டி அள்ளிப் போடுங்கடான்னு நாந்தான் சொன்னேன். யாவாரம்னா கை தாராளமா இருக்கணும். அன்னைக்குப் போட்ட கரண்டிதான் இன்னைக்கு வரைக்கும் நம்மளக் காப்பாத்துது!"

மண்டபமே கைதட்டியது. வியாபாரி எழுந்து அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்தக் கரண்டியைப் பிடித்த கை என்னுடையது. போடச் சொன்ன வாய் யாருடையதும் கிடையாது. போட்டதற்காக என்னைப் போலீசில் கொடுக்கப் பார்த்தவர் இதே ஹாலோரன். நான் ஐஸ்கிரீம் கரண்டியைப் பிடித்த பிடியில் அது வளைந்தது.

இதைவிடப் பெரிய அடி பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது. ஜெனி என் காதோரம் குனிந்து இங்கிலீஷில் கேட்டாள்: "அப்பா, இது உங்க கதைதானே? நீங்களா போட்டதுன்னு சொல்வீங்களே. அப்ப இத்தனை நாளும் சும்மா சொன்னீங்களா?"

மேடையில், மைக்கில், இங்கிலீஷில் ஒருவர் சொன்னால் அது சரித்திரம். சாப்பாட்டு மேஜையில் தமிழில் அப்பா சொன்னால் அது கதை. பிள்ளையை நான் எப்படிக் கோபித்துக்கொள்வது? கோபிக்க வேண்டிய ஆள் கைதட்டலுக்குத் தலைகுனிந்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

2

தேனியில் பலசரக்குக் கடையைப் பார்த்துக்கொள்ளும் என் அண்ணன் கடிதத்துக்குக் கடிதம் கேட்கிறார்: "தம்பி, டங்ஸ்டன் டங்ஸ்டன்னு எழுதுறியே, அது திங்கிறதா, பூசுறதா?"

அண்ணனுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தலைக்கு மேல் எரிகிற பல்புக்குள் சுருண்டிருக்கும் கம்பி, டங்ஸ்டன். லேத் பட்டறையில் இரும்பையே சீவுகிற கத்தியின் முனையிலும் அதுதான். பாறைக்குள் அது சாம்பல் கலந்த வெள்ளைக் கல்லாகக் கிடக்கும். சும்மா பார்த்தால் மற்ற கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. இருட்டில் புறஊதா விளக்கைக் காட்டினால் நீலமாக ஒளிவிடும். இன்னொரு அடையாளம், கனம். நம் வீட்டில் அரிசியை அரித்துக் கல்லைக் கொட்டுகிறோமே, அதே வேலைதான். இங்கே அரிசியைக் கொட்டிவிட்டுக் கல்லை வைத்துக்கொள்வார்கள். அதற்கு ஒரு மலையை உடைக்க வேண்டும்.

உடைத்த கல்லை இரும்புக் குண்டுகள் உருளும் பெரிய உருளையில் அரைத்து, தண்ணீரோடு சேர்த்து, ஆடிக்கொண்டே இருக்கும் மேஜைகளின் மேல் ஓடவிட வேண்டும். கனமான டங்ஸ்டன் ஒரு பக்கம் ஒதுங்கும். லேசான மண் அடித்துக்கொண்டு போகும். காகிதத்தில் இவ்வளவுதான். புது ஆலையை முதன்முதலில் ஓட்டிப் பார்த்தவனுக்குத்தான் மீதி தெரியும். வெறும் தண்ணீரை விட்டோம். குழாய் சேர்கிற இடமெல்லாம் குற்றாலம். வெறும் பாறையைப் போட்டோம். பெல்ட் நடுவில் கிழிந்தது. உண்மையான சரக்கைப் போட்டோம். பம்பு தொண்டை அடைத்து நின்றது. நான் அங்கே ஷிப்டு போர்மேன். எந்த மணி அடித்தாலும் முதலில் ஓடுகிறவன் நான்தான். எதற்கு அடித்தது என்பதை ஓடி முடித்த பிறகு விசாரிப்பேன். ஒரு தடவை மலையடிவாரம் வரை ஓடிப்போய் மூச்சு வாங்கும்போது தெரிந்தது, அது சாப்பாட்டு மணி.

இந்த நிலையில் ஹாலோரன், முதல் கப்பலிலேயே இவ்வளவு டன் ஏற்றிக் காட்டுகிறேன் என்று பாங்கிக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். காட்டினால் அடுத்த தவணைக் கடன் வரும். காட்டாவிட்டால் ஒரு ஷிப்டு முழுக்க வீட்டுக்குப் போக வேண்டும். கடைசியாகச் சேர்ந்த ஷிப்டு என்னுடையது. கம்பெனி கூப்பிட்டதால்தான் எனக்கு இந்த நாட்டில் இடம் கொடுத்தார்கள். கம்பெனி கையை விட்டால், அரசாங்கம் என்னை மறுபடி ஏற இறங்கப் பார்க்கும். இதெல்லாம் தெரிந்துதான் பேசினேன்.

"சார், மேஜை தாங்காது. ஒதுங்குறதுக்கு நேரம் குடுக்கணும். அரிக்கிற சட்டியில ஒரேயடியா கொட்டுனா கல்லும் சேந்து வெளிய போயிரும்."

"நீ இன்னும் போடுய்யா. அரிசிக் கதையெல்லாம் உம் பொண்டாட்டிகிட்ட வச்சுக்க."

போட்டோம். நல்ல சரக்கு தண்ணீரோடு கழிவுக் குளத்துக்குப் போனது. இன்றைக்கும் இருட்டில் அந்தக் குளத்துக் கரையில் புறஊதா விளக்கைக் காட்டினால், ஹாலோரனின் அவசரம் நீலமாகப் பளபளக்கும்.

3

கொசுறு என்ற சொல்லை நான் வெறுத்து வளர்ந்தவன். இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் கடை தேனி பஜாரில் இருந்தது. அப்பா கடை திறப்பதற்கு முன் ஜெபம் பண்ணுவார், மூடிய பிறகும் ஜெபம் பண்ணுவார். நடுவில் நாள் முழுக்கக் கொசுறு போடுவார். வேதக்கோவிலில் பாதிரி ஐயர் என்றைக்காவது அளவைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினால், முன் பெஞ்சில் அப்பாவின் முதுகு ஒரு அங்குலம் நிமிரும். சந்தை நாளில் வருசநாட்டிலிருந்து ஜனங்கள் சாமான் வாங்க இறங்கி வருவார்கள். அதில் ஒரு அம்மாளை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. துவரம்பருப்பு வாங்கினார். அப்பா நிறுத்துப் பொட்டலம் கட்டப்போனார்.

"என்ன மொதலாளி, நிறுத்ததோட கைய எடுத்துட்டீக?"

"எடை சரியா இருக்கு ஆத்தா."

"எடை தராசுக்கு. எனக்கு என்ன?"

அப்பா சிரித்துவிட்டு ஒரு கை அள்ளிப் போட்டார். "இந்தா. மலையேறிப் போயி என்னையத் திட்டாம ஆக்கிச் சாப்பிடு."

"கை சின்னதாப் போச்சே, மேலுக்குச் சொகமில்லையா?" என்று அந்த அம்மாள் கேட்க, இன்னொரு கை விழுந்தது.

நான் அப்போது மதுரையில் கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தேன், லீவில் வந்திருந்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இப்படி அள்ளிப் போட்டால் வருசத்துக்கு எத்தனை மூட்டை பருப்பு போகும் என்று அப்பாவுக்குக் கணக்குச் சொன்னேன். நிறுத்த பிறகு தொடக்கூடாது என்பதுதான் விஞ்ஞானம் என்றும் சொன்னேன்.

"ஏலே, நீ போயி கெமிஸ்டிரி படி. தராச விட்டு எந்திரி," என்றார் அப்பா.

எழுந்தவன்தான். கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை, அங்கிருந்து ஆஸ்திரேலியா. கொசுறு கேட்காத நாட்டுக்கு வந்துவிட்டோம் என்று நிம்மதியாக மூச்சு விட்டேன். பஜாரில் இன்னொரு சட்டம் உண்டு: முதல் போணிக்கு வந்தவரைக் கொசுறு போடாமல் அனுப்பினால் கடை விளங்காது. அதையும் மூடநம்பிக்கை என்று அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வந்ததாகத்தான் நினைத்திருந்தேன்.

4

முதல் சரக்குக் கட்டும் நாள். உலர்த்தி முடித்த டங்ஸ்டன் மாவை இரும்பு டிரம்களில் நிரப்பி, நிறுத்து, எடையைப் பெயின்டில் எழுதி, மூடி போட வேண்டும். அந்த வேலை மிர்க்கோவுடையது. யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவன். என்னைப் போலவே வேற்று ஊர்க்காரன், இங்கிலீஷும் என்னைப் போலவே. அதனால் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொள்வோம்.

முதல் டிரம் நிரம்பியது. தராசு முள் நேராக நின்றது. மிர்க்கோ எடையை எழுதிவிட்டு மூடியை எடுத்தான்.

"இரு, மூடாத," என்று என் வாய் சொன்னது. கை அதற்குள் சரக்கு அள்ளும் கரண்டியை எடுத்துவிட்டது.

"எதுக்கு?"

"மொதப் போணிடா. வாங்குறவன் மனசு நெறையணும்."

மிர்க்கோ என்னை உற்றுப் பார்த்தான். "எங்கம்மா பால் விக்கிறப்ப இப்படித்தான் கடைசில கொஞ்சம் ஊத்தும்," என்றான். பிறகு யோசித்து, "அப்ப எல்லா டிரம்முக்கும் போடணும்ல? ஒண்ணுக்குப் போட்டு ஒண்ணுக்கு விட்டா நல்லாவா இருக்கும்?" என்று நியாயம் பேசினான்.

எல்லா டிரம்முக்கும் போட்டோம். டிரம்முக்கு ஒரு கரண்டி. தாராளமான கரண்டி.

இங்கேதான் என் படிப்பின் லட்சணத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் கரண்டியில் பருப்பை அள்ளினால் ஒரு கூட்டுக் குடும்பத்துச் சாம்பாருக்குச் சரியாக இருக்கும். அதே கரண்டியில் டங்ஸ்டன் மாவை அள்ளினால் பிறந்த குழந்தையைவிடக் கனம். டங்ஸ்டனின் அடர்த்தியைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். ஆனால் என் கண் பருப்புக்குப் பழகிய கண். அது கனத்தைப் பார்க்கவில்லை, குவியலைப் பார்த்தது. நாலாவது டிரம்மில் இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். இந்த நாட்டுக் கரண்டியே கனம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

டிரம்களில் எழுதிய எடைகளை ஆபீசில் கூட்டிப் பார்த்தார்கள். வாக்குக் கொடுத்த டன்னுக்குக் கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தான். மாலையில் என் ஷிப்டைக் கூட்டி, மாதக் கடைசிக்குள் வேறு வேலை தேடிக்கொள்ளுங்கள் என்றார்கள். மேஜையில் நிற்காமல் குளத்துக்குப் போன டங்ஸ்டனை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது. கரண்டியால் போன டங்ஸ்டன் நினைவுக்கே வரவில்லை. கொசுறை எவனாவது கணக்கில் சேர்ப்பானா?

5

துறைமுகத்திலிருந்து போன் வந்தது. யாரோ ஒரு டிரம்மைத் தராசில் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். எழுதியதைவிடக் கூட இருந்தது. இன்னொன்றை ஏற்றினார்கள். அதிலும் கூட. இந்த நாட்டில் பூமிக்குள்ளிருந்து எடுப்பதில் அரசாங்கத்துக்கு ராயல்டி என்று ஒரு பங்கு உண்டு. எடையைக் குறைத்து எழுதினால் அந்தப் பங்கை ஏமாற்றியதாக அர்த்தம். கப்பலை நிறுத்திவிட்டு ஒரு அதிகாரியை அனுப்புகிறோம் என்றார்கள்.

மிர்க்கோவையும் என்னையும் ஹாலோரன் கூப்பிட்டார். நான் போட்டது என்று நானே சொன்னேன். அதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இருக்கவில்லை. சொன்ன பிறகுதான் கூச்சம் தொடங்கியது. அறையில் கம்பெனி வக்கீல் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"எதுக்குப் போட்ட?" என்றார் ஹாலோரன்.

கொசுறுக்கு இங்கிலீஷில் என்ன? நான் 'கிப்ட்' என்றேன். வக்கீல் எழுதிக்கொண்டார். அவர் எழுதுவதைப் பார்த்துப் பயந்து 'போனஸ்' என்றேன். அதையும் எழுதினார். 'சேம்பிள்' என்றேன். கடைசியில், நாசமாய்ப் போக, 'டிப்ஸ்' என்றேன். வக்கீல் பேனாவைக் கீழே வைத்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஹாலோரன் பக்கம் திரும்பினார்.

"வெளங்கிருச்சு. வாங்குறவன் இவனுக்குத் தனியாக் காசு குடுத்திருக்கான். இவன் கணக்குல வராம சரக்க ஏத்தி விட்டிருக்கான். போலீசுக்குச் சொல்லிரலாம்," என்றார் ஹாலோரன்.

இங்கேதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம். திருட்டு அவர்களுக்கு உடனே புரிகிறது. லஞ்சம் புரிகிறது. பங்கு போட்டுத் தின்பது புரிகிறது. ஒருவன் சும்மா ஒரு கரண்டி கூடப் போட்டான் என்பது மட்டும் எந்த மொழியில் சொன்னாலும் புரியமாட்டேன் என்கிறது. கூடக் கொடுத்தவனுக்குள் ஒரு திருடனைத் தேடிக் கண்டுபிடிக்கிற மூளைக்கு எத்தனை படிப்பு படித்திருக்க வேண்டும்!

நாளைக்கு அதிகாரி வருகிறார், வீட்டிலேயே இரு என்று அனுப்பினார்கள். கோபமெல்லாம் கார் ஏறும் வரைதான். வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து சூட்கேசை இறக்கினேன். சர்டிபிகேட், வேதப்புத்தகம், ஜெனியின் ஒரு கால் செருப்பு, குக்கரை விட்டுவிட்டுக் குக்கரின் வெயிட் எல்லாவற்றையும் உள்ளே போட்டேன். ரூத் வந்து நின்றாள்.

"என்னங்க இது? எங்கன கெளம்பிட்டீக?"

"போலீஸ் வரும் ரூத். எடையில வித்தியாசம் வந்துருச்சு."

"கொறஞ்சு போச்சா?"

"கூடிப் போச்சு."

அவள் சூட்கேசைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "களவாண்டவன் ஓடுவான். அள்ளிக் குடுத்தவரு எதுக்குங்க ஓடணும்?"

"கம்பெனிய விட்டு அனுப்பிட்டா தேனிக்குத்தான போகணும்? பஜார்ல எந்த மொகத்தோட நடக்கிறது?"

"எங்க அய்யாவும் சின்னமனூர்ல கடதான வச்சிருக்காக? கொசுறு போட்டதுக்காக மருமகனப் போலீசு தேடுதுன்னு கேட்டா, அவுக சிரிச்சே கல்லாவுலருந்து விழுந்துருவாக. சிரிக்கட்டும். நீங்க மொதல்ல அந்த வெயிட்ட எடுங்க, சோறு வைக்கணும்."

வெயிட்டைத் தேடி எடுப்பதற்குச் சூட்கேஸ் முழுவதையும் கொட்ட வேண்டியிருந்தது. கொட்டிய பிறகு மறுபடி அடுக்கத் தெம்பு வரவில்லை. அப்படித்தான் நான் தைரியசாலியானேன்.

6

ராயல்டி அதிகாரி பெரிய உடம்புக்காரர். வக்கீல் பேசப் பேச அவர் பிஸ்கட் தின்றுகொண்டே கேட்டார். கடைசியில் என் பக்கம் திரும்பினார். 'டிப்ஸ்' என்ற சொல்தான் மறுபடி என் வாய்வரை வந்தது. ஆனால் அவருடைய சட்டையில் எண்ணெய்க் கறை ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் இங்கிலீஷ் வந்துவிட்டது.

"சார், நீங்க மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்குற கடையில, அளந்து போட்ட பெறகு மேல ஒரு கை வறுவல் அள்ளிப் போடுறான்ல? அவனுக்கு எம்புட்டு லஞ்சம் குடுக்கிறீக?"

வக்கீல் எழுந்தே விட்டார். அதிகாரி பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார்.

"போடலைன்னா மறுவாரம் நான் அங்கன போகமாட்டேனே," என்றார்.

"அதான் சார் நான் போட்டது."

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு சொன்னார்: "ஆனா தம்பி, வறுவலுக்கு ராயல்டி கெடையாது. எல்லா டிரம்மையும் திரும்ப நிறுத்து, கூட இருக்கிறதுக்கும் கட்டிரச் சொல்லு."

திரும்ப நிறுத்தார்கள். ராயல்டி கட்டினார்கள். வியாபாரியின் பில் மட்டும் ஏற்கெனவே பாங்கிக்குப் போய்விட்டதால், அதைத் திருத்தப்போனால் பணம் வரத் தாமதமாகும் என்று அப்படியே விட்டார்கள். கொசுறு கொசுறாகவே கப்பல் ஏறியது.

ஆனால் ஹாலோரன் புதுக் கூட்டலைப் பார்த்தார். இன்னொரு தடவை கூட்டினார். வாக்குக் கொடுத்த டன்னைத் தாண்டியிருந்தது. நாங்கள் குறைந்துபோனோம் என்று அழுத சரக்கு முழுவதும் அந்த டிரம்களுக்குள்ளேயே, என் கரண்டி உருவத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறது! உடனே தலைமை ஆபீசுக்கு டெலக்ஸ் பறந்தது: சொன்னதற்கு மேலேயே ஏற்றியாயிற்று. கடன் வந்தது. என் ஷிப்டு பிழைத்தது. ஹாலோரனுக்குச் சம்பள உயர்வு வந்தது.

எனக்கு ஒரு கண்டனக் கடிதம் வந்தது. ஹாலோரனே கையெழுத்துப் போட்டது. அதில் என்னைப் பற்றி எழுதியிருந்தது இது: மேலதிகாரிகள் யாரையும் கேட்காமல், முழுக்கத் தன்னுடைய சொந்த முடிவின்படி, வாங்குபவரின் டிரம்களில் அதிகப்படியாகச் சரக்குப் போட்டார். இதற்கான காரணம் விளங்கவில்லை. இனி இப்படிச் செய்யமாட்டேன் என்று கீழே நான் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதினேன். பயத்தில், 'மாட்டேன்' என்பதற்கு அடியில் கோடு வேறு போட்டேன். அந்தக் காகிதம் என் பைலில் உட்கார்ந்துகொண்டது. ஆலை சூப்பரின்டென்டன்ட் வேலை இரண்டு தடவை காலியானது. இரண்டு தடவையும், "உம் பைல்ல கண்டனம் இருக்கேப்பா," என்று வருத்தப்பட்டு, எனக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்குக் கொடுத்தார்கள்.

இரண்டாவது கப்பலில் எடை முள் நுனி அளவுக்குச் சரி. உடனே அந்த ஐரோப்பிய வியாபாரியிடமிருந்து டெலக்ஸ்: டிரம்கள் முன்பு போல நிறைவாக இல்லையே, என்ன விஷயம்? வருசநாட்டு அம்மாளுக்கு ஐரோப்பாவில் சொந்தக்காரர் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஹாலோரன் என்ன பதில் அனுப்பினார் என்று அப்போது தெரியவில்லை. போன சனிக்கிழமை விருந்தில்தான் தெரிந்தது: முதல் தடவைக்கு நானே போடச் சொன்னது என்று அனுப்பியிருக்கிறார்.

7

திங்கட்கிழமை காலை ஹாலோரனின் அறைக்குப் போனேன். காரில் வரும்போது இங்கிலீஷில் இரண்டு தடவை, தமிழில் ஒரு தடவை பேசிப் பார்த்துக்கொண்டேன். தமிழில் பேசியதை இங்கே எழுதமுடியாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஜெனி என்னோடு பேசவில்லை. அதை நினைத்துக்கொண்டு கதவைத் தட்டினேன்.

"சார், கரண்டி போடச் சொன்னது நீங்கதான்னு சனிக்கிழமை சொன்னீக."

"ஆமா, விருந்துல பேசுறதுதான. அதுக்கென்ன?"

"நீங்க சொல்லி நான் போட்டேன்னா, என்னையக் கண்டிச்சு எழுதுன காகிதம் எதுக்கு என் பைல்ல இருக்கு?"

சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று விறைத்து உட்கார்ந்திருந்தவர், நாற்காலியில் சாய்ந்தார். "அம்புட்டுத்தானா? இத மொதல்லயே கேக்கக்கூடாதா?"

என் பைலைக் கொண்டுவரச் சொன்னார். காகிதத்தை உருவி எடுத்தார். "சூப்பரின்டென்டன்ட் வேலை மறுபடி காலியாகப் போகுது. நீயே பாத்துக்கய்யா. பழச எல்லாம் எதுக்கு வச்சுக்கிட்டு?" என்று இரண்டு கையாலும் பிடித்தார், கிழிப்பதற்கு.

எனக்குள் ஒரு நாதஸ்வரமே வாசித்தது. வேலை, சம்பளம், புது வீடு, ஒரு புதுக் கோட்டுகூட. அவர் பிடித்திருந்த காகிதம் எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றே அதைத் தலைகீழாக வாசித்தேன். யாரையும் கேட்காமல். சொந்த முடிவின்படி. அடியில் ஹாலோரனின் கையெழுத்து.

அந்தக் கரண்டியைப் போட்டது நான்தான் என்று இந்த உலகத்தில் எழுதியிருக்கிற ஒரே இடம் அதுதான். அதையும் அவரே எழுதியிருக்கிறார். இந்த மனிதர் இவ்வளவு சந்தோஷமாகக் கிழிக்க வந்தால், எனக்கு எங்கே உறைக்காமல் போகும்?

"கிழிக்காதீக!" என்று கத்திவிட்டேன். தமிழில்தான் கத்தினேன். அவர் கை நின்றுவிட்டது.

"என்னய்யா இது? எடுக்கணும்ங்கிற, எடுத்தா வேணாங்கிற?"

"அது இருந்த எடத்துலயே இருக்கட்டும் சார். எனக்கு ஒரு நகல் மட்டும் குடுங்க."

"இது பைல்ல இருக்கிற வரைக்கும் மேல போகமுடியாது. தெரியும்ல?"

"தெரியும் சார்."

அன்றைக்கு வக்கீல் என்னைப் பார்த்த அதே பார்வையை ஹாலோரன் பார்த்தார்: இதில் இவனுக்கு என்ன லாபம்? பார்க்கட்டும். நகலை மடித்து, பொத்தான் போடமுடியாத கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் ரூத் முழுவதையும் கேட்டாள். "கிழிச்சிருந்தா வேலை கெடச்சிருக்குமா?"

"கெடச்சிருக்கும்."

"உங்களுக்கு என்ன கிறுக்கா?" என்றாள். காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "ஏ ஜெனி, இங்கன வா. உங்கப்பா ஒரு காகிதம் கொண்டாந்திருக்காக. சத்தம் போட்டு வாசி."

ஜெனி நின்றுகொண்டே வாசித்தாள். பாதியில் உட்கார்ந்துவிட்டாள். முடித்துவிட்டு முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தாள்.

"அப்பா, கீழ உங்க கையெழுத்து. இனிமே பண்ணமாட்டேன்னு கோடு போட்டிருக்கீங்க."

"பயந்துபோய்ப் போட்டதும்மா."

"அதுக்கு மேல அவரோட கையெழுத்து."

"ஆமா."

"அவரே எழுதிட்டு, அன்னைக்கு எல்லார் முன்னாடியும்..." இதுவரை இங்கிலீஷில் வந்த பேச்சு அங்கே முட்டி நின்றது. அவள் முகம் சிவந்தது. "அம்மா, அந்த ஆளு ஒரு... ஒரு..." என்று தமிழில் தேடினாள். ஐந்து வருசமாகத் தமிழில் திட்டிப் பழக்கமில்லாத பிள்ளை. ஒரு வார்த்தையும் கைக்கு அகப்படவில்லை. எழுந்து அம்மாவிடமே போய்க் கேட்டாள்.

ரூத் திட்டு வார்த்தைகளைக் கை வலிக்க வலிக்க அள்ளிக் கொடுத்தாள், கொசுறும் சேர்த்து.